பெயர் மாற்றப்பட்ட பெண்

சமூக ஆதரவுப் பணியாளர் என்பவர், துயருற்ற ஒருவரின் வீட்டிற்குள் அவருடைய அனுமதியோடு நுழைந்து, அவர் கூறுவதைச் செவிமடுத்து, அவர் தம் வழியைத் தாமே கண்டடையும் வரை உடன் நிற்பவர் ஆவார். இந்த வரையறையை எழுதியவள் நான். பசுமலையில் எங்களுக்குப் பயிற்சி அளித்த தொண்டு நிறுவனத்தின் முதல் தேர்வில் இதனை எழுதினேன். பயிற்சியாளர் தமிழ்மாறன் என் விடைத்தாளைக் கையில் எடுத்து வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்தார்.

"கையேட்டுல இருக்குறத விட இது நல்லாருக்கு. யாரும்மா பக்ருன்னிசா?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். என் வயதில் ஒரு பெண் வகுப்பறையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு எழுந்து நிற்பது எத்தகைய இன்பம் என்பதை இளமையிலேயே படித்து முடித்தவர்கள் அறிய மாட்டார்கள்.

மதுரை தெற்குவாசலில் வசிக்கும் எனக்கு எட்டாம் வகுப்போடு கல்வி நின்றுபோனது. என் மகள் ஆஷிகா பத்தாம் வகுப்பு முடித்தபோது, அவள் பரண் மேல் போடவிருந்த பாடநூல்களை வாங்கி நான் படிக்கத் தொடங்கினேன். அடுத்த ஆண்டே தனித்தேர்வராகத் தேறினேன். பின்னர் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறினேன். தமிழ்ப் பாடத்தில் என் மதிப்பெண் என் மகளுடையதை விட அதிகம். அடுத்தவர் துயரைக் கேட்பதற்கும் ஒரு கல்வி உண்டு, அதற்கு ஒரு சான்றிதழும் உண்டு என்று ஆஷிகாதான் கைப்பேசியில் பார்த்துக் கூறினாள். அவ்வாறே பசுமலைக்குச் சென்று சேர்ந்தேன்.

பயிற்சியின் நிறைவில் ஒருவருக்கு மட்டும், பழங்காநத்தத்தில் அந்நிறுவனம் திறக்கவிருந்த ஆதரவு மையத்தில் நிரந்தரப் பணி வழங்கப்படும் என்று அறிவித்திருந்தனர். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அதற்கு ஊதியம் மட்டுமே காரணமன்று. அந்தக் காரணத்தை நான் சரண்யாதேவி ஒருத்தியிடம் மட்டுமே கூறினேன்.

சரண்யாதேவி சமயநல்லூரைச் சேர்ந்தவள். அவளுடைய பெற்றோர் ஒரு காலத்தில் பிறர் வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இப்போது சொந்தமாகச் சிறிது நிலம் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். என்னை விடப் பெரிதும் இளையவளாயினும், முதல் நாளிலேயே என் அருகில் வந்து அமர்ந்து, "அக்கா, நீங்க எழுதுறதப் பாத்தா எனக்குப் பயமாருக்கு. எனக்கு அம்புட்டு வராது. பக்கத்துலயே இருந்துக்கிறேன்" என்றாள். மதிய உணவை நாங்கள் பகிர்ந்து உண்டோம். அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பும் நான் கொண்டுசெல்லும் தாளிச்சாவும் ஒரே தட்டில் கலந்தன. அவளுடைய களப்பணி அறிக்கைகளை நான் திருத்திக் கொடுத்தேன்.

எங்கள் பயிற்சியில் இருவர் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒருவர் தம் வாழ்வில் நேர்ந்த உண்மையான துன்பம் ஒன்றைக் கூற வேண்டும். மற்றவர் குறுக்கிடாமலும் அறிவுரை கூறாமலும் கேட்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாற வேண்டும். நானும் சரண்யாதேவியும் இணையாக அமர்த்தப்பட்டோம். ரமலான் மாதத்தில் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி பழுதுபட்டதையும், நோன்பு திறக்கக் குளிர்ந்த நீர் இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டையும் நான் விரிவாக எடுத்துரைத்தேன். எங்கள் பின்னால் வந்து நின்ற தமிழ்மாறன் சிரித்துவிட்டார்.

"ஃப்ரிட்ஜுக்கு மெக்கானிக் போதும்மா. அதுக்கு நாம எதுக்கு?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் அருகில் அமர்ந்தார்.

"வலிக்கிறதச் சொல்லுங்க. சொல்றதுக்கு எவ்வளவு பயமாருக்கும்னு நமக்கே தெரியலேன்னா, நாளைக்கு யாரு வீட்டுக் கதவையும் தட்டுற தகுதி நமக்குக் கெடையாது. இந்த ரூமுல பேசுனது இந்த ரூமத் தாண்டாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று கூறிவிட்டு அடுத்த இணையிடம் சென்றார்.

அவருடைய சொல்லை நம்பினேன். என் வரையறையைப் படித்துக் காட்டியவர் அல்லவா?

ஆகவே சரண்யாதேவியிடம் உண்மையைக் கூறினேன். என் கணவர் நஜீம் சவூதி அரேபியாவில், தம்மாமில் வேலை பார்ப்பதாக எங்கள் தெரு முழுவதும் நம்புகிறது. அவர் தம்மாமில் இருந்தது உண்மை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் நாடு திரும்பிவிட்டார். எங்கள் வீட்டிற்குத்தான் திரும்பவில்லை. திருச்சியில் வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். என்னை முறைப்படி விலக்கவுமில்லை, வைத்துக்கொள்ளவுமில்லை. இந்தச் செய்தி வந்தபோது நானும் ஆஷிகாவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அமர்ந்திருந்தோம். தெருவில் யாரேனும் கேட்டால் என்ன சொல்வது என்று ஆஷிகா கேட்டாள். "ஒண்ணும் சொல்ல வேணாம். அத்தா அங்கயே இருக்காங்க" என்றேன். அன்று தொடங்கிய நாடகம் நிற்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் விளக்குத்தூண் பக்கமுள்ள ஒரு கடையில் கோடாலித் தைலமும் வெளிநாட்டுச் சோப்பும் செண்ட் பாட்டில்களும் வாங்கி வருவோம். கடைக்காரர் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டின் மீது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, பசையின் தடம் தெரியாமல் ஆஷிகா துடைத்தெடுப்பாள். பிறகு, அத்தா அனுப்பியது என்று கூறி வீடு வீடாகக் கொடுப்போம்.

"எங்களுக்குப் பசி இல்லை, சரண்யா. நான் தைக்கிறேன், ஆஷிகா ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறாள்" என்று கூறினேன். "ஆனால் அவர் கைவிட்டார் என்று தெரிந்தால், தெரு எங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். அதனால்தான் இந்த வேலை எனக்கு வேண்டும். பணி ஆணை கைக்கு வரும் நாளன்று, நானே ஒவ்வொரு வீடாகப் போவேன். என் கணவர் அங்கில்லை, இதோ நான் இங்கு இருக்கிறேன் என்று நானே சொல்வேன்."

இவ்வளவு நெடிய உண்மையை நான் அதற்கு முன் எவரிடமும் கூறியதில்லை. சரண்யாதேவி அழுதாள். என் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, எங்காத்தா மேல சத்தியமாச் சொல்லுறேன். இது என் தொண்டையத் தாண்டாது."

பிறகு அவள் தன் துயரம் ஒன்றைக் கூறினாள். அதனை நான் இங்கு எழுதப் போவதில்லை.

இறுதி மதிப்பீட்டின்போது ஒவ்வொருவரும் தம் களப்பணியிலிருந்து ஒரு தனியாள் ஆய்வை அவையில் எடுத்துரைக்க வேண்டும். பயனாளியின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. உரை முடிந்ததும், வட்டமாக அமர்ந்திருக்கும் பயிற்சி பெறுவோர் அனைவரும் வரிசையாக அந்தப் பயனாளியைப் பற்றி ஒரு கருத்தேனும் கூற வேண்டும். எவருக்கும் விலக்கு இல்லை. வெளியூரிலிருந்து மதிப்பீட்டாளர்கள் இருவர் வந்திருந்தனர். அவர்களுள் கண்ணாடி அணிந்த அம்மையார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தார்.

நான் முன்னதாகவே பேசி முடித்தேன். பழங்காநத்தத்தில், மனைவி இறந்தபின் எவரோடும் பேசாதிருந்த முதியவர் ஒருவரைப் பற்றியது என் ஆய்வு. எவ்விதத்திலும் அவர் அடையாளம் காணப்படலாகாது என்று, அவருடைய தொழிலைக்கூட மாற்றியிருந்தேன். "நல்ல மொழிநடை" என்றார் அம்மையார். எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

அடுத்து சரண்யாதேவி எழுந்தாள். திரையில் அவளுடைய தலைப்பு தோன்றியது. அதன் கீழே 'ராமக்காள், உசிலம்பட்டி. பெயரும் ஊரும் மாற்றப்பட்டுள்ளன' என்றிருந்தது.

ராமக்காளின் கணவர் மலேசியாவில் வேலை பார்ப்பதாக ஊர் நம்புகிறது என்று அவள் தொடங்கியபோது, உலகில் இத்தகைய பெண்கள் பலர் இருக்கக்கூடும் என்று எண்ணினேன். அவர் நாடு திரும்பி வேறொருத்தியோடு வாழ்கிறார் என்றபோது, தற்செயல் என்று எண்ண முயன்றேன். அடுத்ததாக அவள் கூறியது இதுதான்:

"தீவாளிக்குத் தீவாளி, டவுனுக்குப் போயி கோடாலித் தைலமும் செண்ட் பாட்டிலும் வாங்கியாந்து, புருசன் அனுப்புனதுன்னு ஊருக்கே குடுப்பாங்க சார். கடைக்காரன் ஒட்டுன வெலச் சீட்டு தெரியக்கூடாதுன்னு, அவங்க மக தேங்காண்ணெய் தடவித் தொடச்சு எடுக்கும்."

பெருநாளைத் தீபாவளியாக மாற்றினாள். தம்மாமை மலேசியாவாக மாற்றினாள். என் மகளின் விரல்களை மட்டும் அப்படியே வைத்துவிட்டாள்.

எனக்கு நேர் எதிரே ஷைமா அமர்ந்திருந்தாள். எங்கள் தெருவிற்கு மருமகளாக வந்தவள்; எங்கள் வகுப்பில் அவளும் ஒருத்தி. கடந்த பெருநாளுக்கு அவளுடைய வீட்டிற்கு நான் கொடுத்த தைலப் புட்டியின் ஒரு பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் இருந்தது என்று, அவளே ஒருமுறை என்னிடம் விளையாட்டாகக் கூறியிருக்கிறாள். தேங்காய் எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தாள். உடனே கீழே பார்த்தாள்.

உரை முடிந்தது. கைதட்டினார்கள். கருத்துகள் தொடங்கின. முதலில் பேசியவர் மலையாண்டி. மினி பேருந்தில் நடத்துநராக இருந்துவிட்டு இத்துறைக்கு வந்தவர். எதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

"சார், அந்தம்மாவுக்கு எதுக்கு கவுன்சிலிங்? இம்புட்டு வெவரமா ஏற்பாடு பண்றவங்களுக்கு ஒரு ஏஜென்சி வச்சுக் குடுத்தா ஊரையே ஓட்டிருவாங்க!"

அனைவரும் சிரித்தனர். அம்மையாரும் புன்னகைத்தார்.

"பாவம், ஆனா பொண்ணையும் பொய் சொல்லப் பழக்கிட்டாங்களே" என்றாள் ஒருத்தி.

"புருசன் போயிட்டான்னு ஒத்துக்கிற தைரியம் இல்ல. அம்புட்டுதான்" என்றார் இன்னொருவர்.

"இதுக்கு மறுப்பு நிலைன்னு பேர்" என்றார் அம்மையார். "உண்மையை ஏத்துக்கிற பக்குவம் வரலை."

ஷைமாவின் முறை வந்தது. "எனக்கு எதுவும் தோணல சார்" என்றாள். தமிழ்மாறன் வற்புறுத்தியும் அவள் பேசவில்லை.

எனக்கு முன்னிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடிக்க, என் முறை நெருங்கியது. என் நிலையை இவ்வாறு விளக்கலாம். இது என் கதை என்று நான் கூறினால், நான் காத்த மறைவை நானே இத்தனை பேர் முன்னிலையில் கிழித்தெறிவேன். அதோடு, இப்போது சிரித்தவர்கள் அனைவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். கூறாவிட்டால், என் வாழ்க்கையைக் கொண்டே அவள் என் வேலையைப் பெறுவாள். அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பொருள், என்னுடையது என்று நான் உரிமை கோர இயலாத பொருளாக இருந்தது.

"பக்ருன்னிசா, நீங்க?" என்றார் தமிழ்மாறன்.

நான் எழுந்து நின்றேன். "ஒரேயொரு வினா. இதை அவையில் கூறுவதற்கு அந்தப் பெண்ணிடம் ஒப்புதல் பெற்றீர்களா?"

சரண்யாதேவி என்னைப் பார்த்தாள். கண்களை விலக்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். விலக்கவில்லை.

"வாங்குனேன்க்கா. அவங்களே சொல்லச் சொன்னாங்க. என்னைய மாதிரி நாலு பொம்பளைகளுக்கு ஒதவட்டும்னாங்க."

"நல்ல கேள்வி, நல்ல பதில்" என்றார் அம்மையார். குறித்துக்கொண்டார்.

நான் அமர்ந்தேன்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு முடிவை அறிவித்தனர். பழங்காநத்தம் மையத்திற்குச் சரண்யாதேவி. அவளைச் சுற்றிப் பெண்கள் கூடினர். மலையாண்டி, "மையத்துக்கு வந்தா எங்களுக்கும் டீ உண்டுல்ல?" என்று கூவினார். கட்டடத்தின் பின்புறம் தட்டுக் கழுவும் குழாயடிக்கு அவள் தனியே வரும் வரை காத்திருந்தேன். அவள் என்னைக் கண்டதும் நின்றாள்.

"அக்கா, திட்டிருங்க. திட்டிட்டுப் பேசாம மட்டும் இருந்துராதீங்க."

"தொண்டையைத் தாண்டாது என்றாய்."

"பேரு மாத்திட்டேன்லக்கா! ஊரு மாத்திட்டேன், சாமி மாத்திட்டேன். யாருக்குத் தெரியும்?"

"ஷைமாவுக்குத் தெரியும். அவள் எங்கள் தெருவில் இருக்கிறாள்."

அவள் முகம் வெளிறியது. அவள் அதை எண்ணிப் பார்த்ததேயில்லை என்பது புரிந்தது. ஆனால் அது எனக்கு ஆறுதல் தரவில்லை.

"நான் பாத்துக்கிட்டிருந்த கேஸு பாதியிலயே வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுக்கா. கையில ஒண்ணுமில்ல. எங்க வீட்டுல மாப்ள பாத்துட்டாக. வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான் நான் வேணாம்னு சொல்ல முடியும். உங்களுக்கு எழுத்து இருக்கு, எங்கயும் பொழச்சுக்குவீக. எனக்கு என்ன இருக்கு?"

"என் கதை இருந்தது" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். இருவர் பயிற்சியின்போது அழுததைப் போலவே அழுதாள். அன்று அழுததும் இதே கண்ணீர்தானோ என்று எனக்குத் தோன்றியபோது, அதுவரை என்னுள் எஞ்சியிருந்த ஏதோ ஒன்று விலகிப்போனது.

"நானா ஒண்ணும் செய்யலக்கா. சாருகிட்டக் கேட்டேன். அவருதான், நல்ல கேஸு, பேர மட்டும் மாத்திருன்னாரு."

"யாருடைய கதை என்று அவரிடம் சொன்னாயா?"

அவள் ஆம் என்று தலையசைத்தாள்.

தமிழ்மாறன் தம் அறையில் திரைக்கருவியின் மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார். நான் அமரவில்லை.

"உங்களுக்குத் தெரியும், அல்லவா?" என்றேன்.

அவர் கம்பியை மேசை மீது வைத்தார். பொய் கூற முயலவில்லை; அதனை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"தெரியும். யோசிச்சுத்தான் சரின்னேன். இங்க பாருங்க, எத்தனை நாளைக்கு இதச் சுமப்பீங்க? நாலு பேரு காதுல விழுந்தும் வானம் இடிஞ்சு விழலேல? அதுவே ஒரு விடுதலைதான். உங்க நல்லதுக்கும் சேத்துத்தான்."

"என் நல்லதுக்கு என்றால் என்னைக் கேட்டிருக்கலாமே, சார்?"

"கேட்டா நீங்க சம்மதிச்சிருக்க மாட்டீங்க."

இதனை அவர் ஒரு காரணமாகக் கூறினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சம்மதிக்க மாட்டார் என்பதையே, அவரைக் கேளாமல் செய்வதற்கு உரிய நியாயமாகக் கருதும் ஒருவரிடம் இத்தனை நாளாக மனித மாண்பு பற்றிய பாடம் கேட்டிருக்கிறேன். என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லுக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தேன்.

"மனசு விட்டுறாதீங்க" என்றார். "அடுத்த பேட்ச்சுக்கு நீங்களே வந்து பேசுங்க. வாழ்ந்து பாத்தவங்க பேசுனா அதுக்குத் தனி மதிப்பு. ஏதாவது ஒரு மதிப்பூதியமும் ஏற்பாடு பண்ணலாம்."

"அப்பவும் பேரை மாத்திருவீங்களா, சார்?"

அவர் சிரிக்கவும் இயலாமல் சிரிக்காதிருக்கவும் இயலாமல் நின்றார். நான் வெளியே வந்தேன்.

பசுமலை நிறுத்தத்தில் பெரியார் நிலையம் செல்லும் பேருந்திற்காக நின்றபோது, ஷைமாவும் வந்து சேர்ந்தாள். பேருந்தில் என்னருகில் இருந்த இருக்கை மட்டுமே காலியாக இருந்தது. பர்தாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். பேருந்து பழங்காநத்தத்தில் நின்றது. அங்கே ஒரு கூட்டம் இறங்கி மற்றொரு கூட்டம் ஏறியது. நான் பணி செய்ய விரும்பிய தெருக்கள் சன்னலுக்கு வெளியே நின்று, பின்னர் நகர்ந்தன.

"பக்ரு மாமி" என்றாள் மெல்ல.

"சொல்."

"அந்த ராமக்கா..."

"நான்தான்."

அவள் தலையசைத்தாள். "எனக்கு முன்னமே லேசா ஒரு சந்தேகம். தம்மாமுலருந்து வர்ற பார்சல்ல விளக்குத்தூண் கடைப் பையி எப்பிடி வந்துச்சுன்னு. ஆனா மாமி, அல்லா மேல ஆணையா நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். இது என்னோடயே இருக்கும்."

அவள் உள்ளன்போடுதான் கூறினாள். முகத்தில் பரிவு இருந்தது. குரல் தாழ்ந்திருந்தது. உடல் என் பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. உறுதி அளிக்கும்போது இவ்வாறு அமர வேண்டும், இந்த அளவு குரலில் பேச வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில்தான் கற்றோம். ஆகவே அவள் உண்மையாகக் கூறுகிறாளா, கற்றதைக் கூறுகிறாளா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. சரண்யாதேவி என்னிடமிருந்து எடுத்துச் சென்றவற்றுள் இதுவே பெரியது என்று அப்போது உணர்ந்தேன். வேலை ஒன்று போனால் இன்னொன்று வரக்கூடும். ஒரு நல்ல பெண் சத்தியம் செய்யும்போது அதனை நம்பும் திறனை எங்கே போய்த் திரும்பப் பெறுவது?

"ஒங்க மாமியார்கிட்டயும் சொல்ல மாட்டியா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அவங்ககிட்டயா? அவங்ககிட்டச் சொல்றதுக்கு மைக்குல சொல்லிறலாம்" என்றாள். சொன்ன பிறகே, சிரிப்பதற்குரிய நேரம் இதுவன்று என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. அவள் இன்று சொல்லாதிருக்கலாம், நாளையும் சொல்லாதிருக்கலாம். தெருவில் அவளை எதிரில் காணும் ஒவ்வொரு முறையும், சொல்லிவிட்டாளா என்று அவள் முகத்தில் நான் தேட வேண்டியிருக்கும். என் கதையின் சாவி இனி என்னிடம் இல்லை. அதனை வைத்திருப்பவர்களின் நல்லெண்ணத்தில் நான் குடியிருக்க வேண்டும்.

பெரியார் நிலையத்தில் இறங்கியதும், "நீ கடைக்குப் போயிட்டு மெதுவா வா, ஷைமா" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. புரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் ஆஷிகா வேலை முடிந்து வந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"வேலை கெடைக்கலையாம்மா?"

நடந்தவற்றை முறையாக, முதலிலிருந்து கூறினேன். விலைச்சீட்டைப் பற்றி அவையில் கூறப்பட்டதையும் மறைக்கவில்லை. அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"சிரித்தார்கள்."

"நீ வெளிய ஒருத்தங்ககிட்டச் சொல்லப்போறேன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? எனக்கும் அவரு அத்தாதான."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை ஏமாற்றியவர்கள் இருவர் என்று எண்ணி நான் வீடு வந்தேன். என் மகளின் கணக்கில் மூன்றாமவராக நானும் நிற்கிறேன் என்பதை அவள் தோளைப் பார்த்து அறிந்துகொண்டேன். தொட்டேன். தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை.

"வேலை கையில் வந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இப்போது என் கையில் ஒன்றுமில்லை, ஆஷிகா. ஆனால் இனி மற்றவர் வாயிலிருந்து அது தெருவுக்குப் போகக் கூடாது. நான் இப்போதே போகிறேன். நீ வர வேண்டுமென்பதில்லை."

"யாரு வீட்டுக்கு?"

"முதலில் ஜைத்தூனக்கா வீட்டுக்கு."

ஜைத்தூனக்கா ஷைமாவின் மாமியார். ஆஷிகா தன்னையறியாமல் சிரித்துவிடப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அங்க சொன்னா மத்த வீட்டுக்குப் போகவே வேணாம்மா" என்றாள்.

"ஆகையால்தான்."

நான் முகம் கழுவினேன். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டேன். என்ன சொல்வது என்று மனத்திற்குள் வாக்கியங்களை அடுக்கத் தொடங்கினேன். 'என் கணவர் நஜீம் அவர்களைப் பற்றிய ஓர் உண்மையை' என்று தொடங்கினேன். அது மதிப்பீட்டாளர்களுக்கு உரியதாக இருந்தது. வேறு விதமாகத் தொடங்கினேன், அதுவும் பொருந்தவில்லை. நான் வாசலைத் தாண்டியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆஷிகா துப்பட்டாவை அணிந்துகொண்டே வந்தாள். என் கையைப் பற்றவில்லை. ஓர் அடி தள்ளியே நடந்தாள். ஆனால் வந்தாள். எங்கள் தெருவில் மாலை அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஜைத்தூனக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. என்ன, ஆத்தாளும் மகளும் சோடியா வாரீங்க? நஜீமு போன் பண்ணுச்சா? எப்ப வருதாம்?"

நான் அவர் எதிரில் தரையில் அமர்ந்தேன். அடுக்கி வைத்த வாக்கியங்களுள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அவரு போன் பண்ணி நாலு வருசமாச்சுக்கா" என்றேன். "முறத்தக் கீழ வைங்க. எல்லாத்தையும் சொல்றேன்."